முள் ஏறியதும் எஞ்சினைக் கழற்றாதீர்கள்: பழைய காரின் ஹீட் மீற்றரைச் சோதிப்பது எப்படி

போன ஆடியில் கந்தளாயிலிருந்து திருகோணமலைக்கு வந்துகொண்டிருந்தேன். கச்சான் காற்று அனலாக அடிக்கிற நேரம், காரோ 1968ஆம் ஆண்டு மினி, ஜன்னலைத் திறந்தாலும் சூடு, மூடினாலும் சூடு. தம்பலகாமம் சந்தி தாண்டியதும் ஹீட் மீற்றர் முள் நடுவிலிருந்து மெல்ல ஏறி, சூட்டைக் குறிக்கிற எச் எழுத்தில் போய் ஒட்டிக்கொண்டது. ஓரங்கட்டிப் பொனெற்றைத் திறந்தால் ஆவி இல்லை, கொதிக்கிற சத்தம் இல்லை, ஒரு சொட்டு ஒழுக்கும் இல்லை. அரை மணி நேரம் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டு ஸ்டார்ட் பண்ணினேன், ஐந்து நிமிடத்தில் முள் திரும்பவும் எச் எழுத்தில்.

நகரில் ஒரு கராஜில் காட்டினேன். ரேடியேற்றர் அடைத்திருக்கிறது என்று கழற்றிச் சுத்தம் செய்தார்கள், முள் இறங்கவில்லை. தண்ணீர் சூடாகும்வரை அதை ரேடியேற்றருக்கு விடாமல் தடுக்கிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தார்கள், அப்போதும் இறங்கவில்லை. அடுத்தது எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்க வேண்டும், அதன் கீழே உள்ள காஸ்கெட் போயிருக்கும் என்று சொன்னபோதுதான் "கொஞ்சம் பொறுங்கள் அண்ணை" என்று காரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கடைசியில் குற்றவாளி துருப்பிடித்த ஒரு திருகாணி. அதுவும் எஞ்சினில் இல்லை, டாஷ்போர்டுக்குப் பின்னால்.

இன்னொரு விஷயம், அந்த நாட்களில் பெற்றோல் முள்ளும் வழக்கத்தை விட மேலே நின்றது. என்ன இது, பெற்றோல் குறையவே மாட்டேன் என்கிறதே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். விடை அங்கேதான் இருந்தது, நான் கவனிக்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, சூடு உண்மையா பொய்யா என்பது. மீற்றரைப் பற்றிய எந்தச் சோதனையும் இதற்குப் பிறகுதான், ஏனென்றால் உண்மையாகவே கொதிக்கிற எஞ்சினை "மீற்றர் பிழை" என்று சொல்லி ஓட்டினால் ஹெட் வளைந்துவிடும், அந்தச் செலவு வேறு. கையில் பிடிக்கிற அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று இருந்தால் வேலை சுலபம். தெர்மோஸ்டாட் வீட்டின், அதாவது அது இருக்கிற உலோகக் கூட்டின் மேல், வயருக்குச் சுற்றுகிற கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி, கிட்டப் பிடித்துப் பாருங்கள். பளபளக்கிற அலுமினியத்தில் நேரே பிடித்தால் குறைத்துக் காட்டும். கொரோனாக் காலத்தில் நெற்றிக்குப் பிடித்தது வீட்டில் கிடக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள், அது காய்ச்சல் சூட்டைத் தாண்டி ஒன்றும் சொல்லாது. இந்தக் கார்களில் தெர்மோஸ்டாட் பெரும்பாலும் 82 பாகை செல்சியஸில் திறக்கும், சூடான நாடுகளுக்கென்று 74 பாகையிலும் உண்டு. ஆகவே 80, 90 என்று காட்டினால் எஞ்சின் நலமாக இருக்கிறது. நெரிசலில் நின்ற பிறகு அதற்குக் கொஞ்சம் மேலே போனாலும் பயமில்லை, ரேடியேற்றர் மூடி அழுத்தம் பிடிப்பதால் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காது. மூடியில் 7 என்றோ 13 என்றோ ஒரு எண் இருக்கும், அது சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்ற கணக்கு. ஒவ்வொரு இறாத்தலுக்கும் கொதிநிலை ஏறத்தாழ ஒன்றரைப் பாகை ஏறும். 7 இறாத்தல் மூடி என்றால் 110 பாகைக்குக் கிட்டத்தான் கொதிக்கும். இதனால்தான் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது என்று சொல்வது, திறந்த கணமே அழுத்தம் போய் மொத்தத் தண்ணீரும் கொதித்து முகத்துக்கு வரும்.

இதற்கு நேர்மாறான ஒரு ஆபத்தும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது உயரத்தில் நின்ற முள் சட்டென்று கீழே விழுந்தால் "அப்பாடா" என்று மூச்சு விடாதீர்கள். தண்ணீர் எல்லாம் ஒழுகிப் போய், தண்ணீரின் சூட்டை அறிந்து மீற்றருக்குச் சொல்கிற சென்சர் வெறும் காற்றில் நிற்கும்போதும் முள் இப்படித்தான் விழும். உடனே நிறுத்துங்கள்.

சரி, எஞ்சின் நலம், முள்தான் பொய் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்ததாக உங்கள் மீற்றர் எந்த வகை என்று பாருங்கள். மொரிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்கு, கம்பனி அந்தக் காருக்கு ஹீட் மீற்றரே போட்டுத் தரவில்லை. உங்கள் காரில் இருந்தால் யாரோ பிறகு பூட்டியது, ஆகவே எந்த மீற்றருக்கு எந்தச் சென்சர் என்ற கேள்வி உங்களுக்குத்தான் அதிகம். மீற்றருக்குப் பின்னாலிருந்து மெல்லிய செப்புக் குழாய் ஒன்று சுருண்டு சுருண்டு எஞ்சின் வரைக்கும் போனால் அது குழாய் மீற்றர், கரண்ட் வேலை எதுவும் இல்லை. முனையில் உள்ள குமிழுக்குள் ஈதர் போன்ற ஒரு திரவம், அது சூட்டில் ஆவியாகி அழுத்தத்தால் முள்ளைத் தள்ளுகிறது. இந்த வகையில் முள் ஒரேயடியாகச் செத்துக் கிடந்தால் குழாய் எங்கேயோ வெடித்தோ ஒடிந்தோ உள்ளிருந்தது வெளியேறிவிட்டது. வீட்டில் சரிசெய்கிற விஷயம் அல்ல. வேறொரு மலிவு மீற்றரின் குழாயை வெட்டி ஒட்டிச் சரிப்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் ஈதருக்குப் பக்கத்தில் பற்றவைப்பது என்பதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. கழற்றும்போது மட்டும் ஒரு கவனம்: நட்டைத் திருப்பும்போது குழாயும் சேர்ந்து முறுகக் கூடாது. நட்டு மட்டும்தான் சுழல வேண்டும்.

செப்புக் குழாய்க்குப் பதிலாக வயர் போனால் அது கரண்ட் மீற்றர். அதிலும் இரண்டு சாதி. சாவியைத் திருப்பியதும் முள் டக்கென்று துள்ளி நின்றால் காந்தச் சுருள் வகை, பழையது. சோம்பேறி மாதிரி அரை நிமிடம் எடுத்து மெல்ல ஏறினால் உள்ளே இரட்டை உலோகத் தகடு உள்ள வகை. அறுபதுகளின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த பிரித்தானியக் கார்களில், ஸ்மித்ஸ் மீற்றர் பூட்டியவற்றில், பெரும்பாலும் இதுதான். தகட்டைச் சுற்றி மெல்லிய கம்பி, அதில் கரண்ட் ஓடினால் தகடு சூடாகி வளையும், வளைவு முள்ளைத் தள்ளும். இனி நான் சொல்வது பெரும்பாலும் இந்த வகைக்கு.

ஃபியூஸை முதலில் பாருங்கள், ஏனென்றால் அதற்கு ஒரு நிமிடம் போதும். முள் சாவி போட்டும் அசையாமல் கிடக்கிறது, கூடவே பிரேக் லைட்டும் சிக்னலும் இல்லை என்றால் வேறெங்கும் தேட வேண்டாம், அவை எல்லாம் ஒரே ஃபியூஸில்தான். எரிந்திருக்கவே வேண்டியதில்லை, கடற்கரை ஊரில் ஃபியூஸ் பிடிக்கும் கவ்வியில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தாலே போதும். கழற்றி, கவ்வியை எமரித் தாளால் தேய்த்துப் போடுங்கள்.

இப்போது முக்கியமான சோதனை. ஒரு சாமானும் வாங்கத் தேவையில்லை, இரண்டு நிமிடம். சென்சர் ஹெட்டில், தெர்மோஸ்டாட் வீட்டுக்குக் கொஞ்சம் கீழே பூட்டியிருக்கும். ஒற்றை வயர் வந்து சேரும், பிரித்தானிய லூகாஸ் கம்பனியின் வயரிங் என்றால் பச்சையில் நீலக் கோடு போட்ட வயர். ஐம்பது வருடத்தில் கோடு மறைந்து எல்லாம் ஒரே எண்ணெய் நிறமாகியிருக்கும், பழந்துணியில் கொஞ்சம் பெற்றோல் தொட்டுத் துடைத்தால் தெரியும். எஞ்சினை நிறுத்திச் சாவியை மட்டும் போட்டு, அந்த வயரைச் சென்சரிலிருந்து கழற்றி எங்கும் படாமல் பிடியுங்கள். முள் சி எழுத்துக்கு, அதாவது குளிருக்கு இறங்க வேண்டும். பிறகு அதே வயர் முனையை எஞ்சினின் சுத்தமான இரும்பில் தொடுங்கள். முள் எச் பக்கம் ஏற வேண்டும். நடுவைத் தாண்டியதும் எடுத்துவிடுங்கள், முழுவதும் ஏறி முட்டும்வரை பிடித்துக்கொண்டிருந்தால் உள்ளே சுற்றியிருக்கிற கம்பி கருகிவிடும், நல்ல மீற்றரைச் சோதித்தே கெடுத்த பெருமை உங்களுக்குக் கிடைக்கும். உள்ளே முள்ளைப் பார்க்க ஒரு ஆளை உட்கார வையுங்கள். நான் என் மகனை உட்கார வைத்தேன், அவன் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே "ஏறுது அப்பா" என்றான், ஏறவில்லை. பார்க்கிற ஆளைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள்.

கழற்றினால் இறங்கி, தொட்டால் ஏறினால் மீற்றரும் வயரும் நலம். பிழை சென்சரில், அல்லது சென்சருக்கு எர்த், அதாவது கரண்ட் எஞ்சின் இரும்பும் பாடியும் வழியாகப் பற்றரிக்குத் திரும்புகிற பாதை, கிடைக்கவில்லை. தொட்டும் ஏறவில்லை என்றால் மீற்றருக்குக் கரண்ட் வரவில்லை, அல்லது வயர் நடுவில் அறுந்திருக்கிறது, அல்லது மீற்றர் போய்விட்டது. வயரைக் கழற்றிய பிறகும் முள் எச் எழுத்திலேயே நின்றால் வழியில் எங்கேயோ வயரின் தோல் உரிந்து பாடியில் பட்டு ஷோர்ட் ஆகிறது. சைலன்சர் பக்கமாக ஓடுகிற துண்டைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன், சூட்டில் தோல் உருகிப்போகும். மீற்றரின் பின்பக்கமே வயரைக் கழற்றிப் பார்த்தால் உறுதியாகிவிடும். ஆனால் டாஷ்போர்டுக்குப் பின்னால் கை விடுவதற்கு முன் பற்றரி முனையைக் கழற்றுங்கள். அந்த இருட்டில் ஃபியூஸ் இல்லாத வயர்களும் உண்டு.

எர்த் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திருகோணமலையில் பாதிக் கோளாறு இதுதான். மூன்று பக்கமும் கடல், உப்புக் காற்று இரும்பையும் தின்னும், செம்பையும் தின்னும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரையோரம் கார் நிறுத்துகிறவர்களுக்குச் சொல்லவே தேவையில்லை. லூகாஸ் வயரிங்கில் இணைப்புகள் எல்லாம் தோட்டா வடிவ முனைகள், ஒரு ரப்பர் குழலுக்குள் செருகியிருக்கும். வெளியே பார்த்தால் நல்லாயிருக்கும், இழுத்தால் உள்ளே பச்சைக் களிம்பு. ஒவ்வொன்றாக இழுத்து, தேய்த்து, கொஞ்சம் வாசலின் பூசிச் செருகுங்கள். ஒரு மழைக்காலம் தாங்கும். பிறகு, சென்சர் தன் எர்த்தைத் தன் புரி வழியாகத்தான் எடுக்கிறது, வேறு வயர் கிடையாது. தண்ணீர் ஒழுகக் கூடாது என்று நல்ல மனதோடு புரியில் குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பைச் சுற்றிப் பூட்டினால் எர்த் போய்விடும், முள் குளிரிலேயே தூங்கும். புதுச் சென்சர் போட்டும் வேலை செய்யவில்லை என்று புலம்புகிறவர்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வி, "டேப் சுற்றினீர்களா?" எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவில் பின்னல் வயர் ஒன்று இருக்கும், அதன் இரு முனையையும் பாருங்கள். அது கெட்டால் ஸ்டார்ட் பண்ணும்போதே இழுவை தெரியும்.

சென்சரையே சந்தேகித்தால் கழற்றி அவித்துப் பார்க்கலாம். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, ரேடியேற்றரிலிருந்து ஒன்றிரண்டு லீற்றர் தண்ணீரை இறக்கிவிட்டு, சரியான ஸ்பனரால் கழற்றுங்கள். பித்தளை, குறடு போட்டால் மூலை மழுங்கும். பழைய சட்டி ஒன்றில் தண்ணீர் வைத்து அடுப்பில் ஏற்றுங்கள். (சமையலுக்கு எடுக்கிற சட்டி வேண்டாம், கூலன்ற் நஞ்சு, வீட்டில் ஏச்சு வேறு.) சென்சரைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, முனைக்கும் உடம்புக்கும் நடுவே மல்ரிமீற்றரால் ஓம் அளவை எடுங்கள். பச்சைத் தண்ணீரில் சில நூறு ஓம், சூடேறச் சூடேறச் சீராக இறங்கி, கொதிக்கும்போது சில பத்து ஓமுக்கு வர வேண்டும். இறங்காமல் ஒரே எண்ணில் நின்றாலோ, நடுவில் துள்ளினாலோ சென்சர் போய்விட்டது. இதில் நமக்கு ஒரு வசதி, கடல் மட்டத்தில் இருப்பதால் கொதிநீர் என்றால் 100 பாகை என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் இதே சட்டி 94 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும். கன்னியா வெந்நீரூற்றில் பிடித்துப் பார்த்தால் என்ன என்று ஒரு மச்சான் பகிடியாகக் கேட்டான். ஏழு கிணறும் குளிக்கிற சூடுதான் மச்சான், முள் அசையாது.

புதுச் சென்சர் வாங்கும்போது புரி பொருந்தினால் போதும் என்று நினைக்காதீர்கள். மினி, மைனர் எஞ்சின்களில் புரி எட்டில் ஐந்து அங்குலம். அதே புரியில் காந்தச் சுருள் மீற்றருக்கான சென்சரும் கிடைக்கும், இரட்டைத் தகடு மீற்றருக்கானதும் கிடைக்கும், பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். மாற்றிப் போட்டால் முள் எப்போதும் ஒரேயளவு கூட்டியோ குறைத்தோ காட்டும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கப் போகிறவர்கள் பழைய சென்சரையும், முடிந்தால் மீற்றரையும் கையோடு கொண்டுபோங்கள். ஜப்பான் கார் சென்சரைக் கடைசல்காரரிடம் கொடுத்துப் பித்தளைப் புஷ் அடித்துப் பூட்டுகிற பழக்கமும் நம்மிடம் உண்டு. பூட்டலாம், தண்ணீர் ஒழுகாது, ஆனால் அது சொல்கிற சூடு அந்த ஜப்பான் மீற்றருக்குத்தான் விளங்கும்.

இனி என் கதைக்கு வருகிறேன். ஹீட் முள்ளும் பெற்றோல் முள்ளும் சேர்ந்து பிழைத்தால் இரண்டு சென்சரும் ஒரே நாளில் கெட்டன என்று நினைப்பதை விட, இரண்டுக்கும் பொதுவான ஒன்று கெட்டது என்று நினைப்பதுதான் புத்தி. பொதுவானது ஸ்டெபிலைசர்: தீப்பெட்டியை விடச் சிறிய தகரப் பெட்டி, என் காரில் ஸ்பீடோ மீற்றரின் பின்பக்கம். பற்றரி 12 வோல்ட், எஞ்சின் ஓடும்போது 14 வரைக்கும் போகும். மீற்றர் அதோடு சேர்ந்து ஏறி இறங்கக் கூடாது என்று இது சராசரி 10 வோல்ட் கொடுக்கிறது. எப்படி என்றால், உள்ளே ஒரு தகடு சூடாகி வளைந்து தொடர்பை விடும், ஆறி மீண்டும் தொடும், இப்படிச் சிமிட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் தகட்டைச் சூடாக்குகிற கம்பிக்குத் தன் தகர உடம்பு வழியாக எர்த் வேண்டும். அந்த எர்த் போனால் கம்பி சூடாகாது, தகடு வளையாது, தொடர்பு விடாது, முழு 14 வோல்ட்டும் இரண்டு மீற்றருக்கும் போகும். இரண்டு முள்ளும் ஏறும். எனக்கு நடந்தது இதுதான். பெட்டியைப் பிடிக்கிற ஒற்றைத் திருகாணி துருவில் தளர்ந்திருந்தது. தேய்த்து, பூட்டி, சாவியைப் போட்டேன், இரண்டு முள்ளும் ஒழுங்காக வந்து நின்றன. ரேடியேற்றர் சுத்தம் செய்த காசு போனது போனதுதான்.

இதைச் சோதிக்க 12 வோல்ட் சோதனை லைட் ஒன்று போதும். ஐ என்று எழுதிய முனைக்கும் எர்த்துக்கும் நடுவே பிடித்தால் சில விநாடி கழித்துச் சிமிட்டத் தொடங்க வேண்டும். விடாமல் எரிந்தால் எர்த் இல்லை அல்லது உள்ளே ஒட்டிக்கொண்டது, எரியவே இல்லை என்றால் பெட்டி செத்தது (பி முனைக்குக் கரண்ட் வருகிறதா என்று முதலில் பாருங்கள்). டிஜிட்டல் மல்ரிமீற்றரில் பார்த்தால் எண்கள் பேயாட்டம் ஆடும், அது கோளாறு அல்ல, சிமிட்டலைத்தான் காட்டுகிறது. பெட்டியைத் தலைகீழாகவோ சரித்தோ பூட்டாதீர்கள், சிலவற்றில் மேலே எது என்று குறியே இருக்கும்.

பெட்டி செத்துவிட்டால் வானொலிப் பெட்டி திருத்துகிற கடையில் 7810 என்று கேட்டால் மூன்று கால் உள்ள ஒரு சின்ன ஐசி தருவார்கள், அதன் வேலையே 10 வோல்ட் கொடுப்பது. எழுத்துப் பக்கம் உங்களைப் பார்க்க வைத்தால் இடது கால் உள்ளே வருகிற கரண்ட், நடுக்கால் எர்த், வலது கால் மீற்றருக்கு. முதுகுத் தகடும் எர்த் என்பதால் நேரே பாடியில் பூட்டலாம், சூடும் இறங்கும். உள்ளேயும் வெளியேயும் எர்த்துக்கு ஒவ்வொரு சின்னக் கப்பாசிற்றர் வைப்பது நல்லது. ஆனால் அறுபதுகளின் கார்களில் பல பற்றரியின் பொசிற்றிவ் முனையை எர்த் ஆக்கியவை, அப்படியே வைத்திருப்பவர்கள் இதைப் போட்டால் ஐசி அந்த நிமிடமே போகும். பழைய தகரப் பெட்டிக்கும் இரட்டைத் தகடு மீற்றருக்கும் மட்டும் எந்த முனை எர்த் என்ற கவலை கிடையாது.

கடைசியாக அந்தத் தெர்மோஸ்டாட். நம்மூர்ச் சூட்டுக்கு இது எதற்கு என்று கழற்றி எறிவது இங்கே பல கராஜில் வழக்கம். அதன் பிறகு முள் நடுவுக்கே வராது, பிறகு மீற்றர் கெட்டுவிட்டது என்று இன்னொரு சுற்று அலைச்சல். முள் கீழேயே கிடக்கிறது, ஆனால் மேலே சொன்ன வயர் சோதனையில் ஒழுங்காக ஏறி இறங்குகிறது என்றால் தெர்மோஸ்டாட் வீட்டைத் திறந்து உள்ளே ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். நான் புதிதாக 82 பாகை ஒன்று வாங்கிப் போட்டேன்.

இப்போது பிரெட்ரிக் கோட்டை வாசலால் நுழைந்து கோணேசர் கோயில் ஏற்றத்தில் மான்களுக்கு வழி விட்டு விட்டு முதல் கியரில் ஏறினாலும் முள் நடுவை ஒரு நூல் தாண்டி, இறக்கத்தில் திரும்பி வந்துவிடுகிறது. பெற்றோல் முள்ளும் உண்மை பேசத் தொடங்கிவிட்டது, ஷெட்டுக்கு முன்பை விட அடிக்கடி போகிறேன்.